தன் சான்றைத் தானே எழுதுவது: ஆவணக் காப்பகப் பணியும் திறன் சட்டகங்களும்

ஆவணக் காப்பகத்தில் வேலை பார்ப்பவர்கள் தொழிலில் எப்படி வளர்கிறார்கள் என்பது பற்றி ஒரு மென்பொருள்காரன் ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். பல வருடங்களாக ஓய்வு நேரத்தில் பழைய கோப்புகளைத் தேடிப் போகிற ஆள் நான். அட்டவணையைப் பார்த்துக் கண்டுபிடித்தவை கொஞ்சம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "இது வருவாய்த் துறையில இருக்காது சார், பொதுப்பணித் துறையில கேட்டுப் பாருங்க" என்று சொன்னதால் கிடைத்தவைதான் அதிகம். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு எத்தனை வருடம் ஆகியிருக்கும்? அதை யாராவது எங்காவது அவர் கணக்கில் வரவு வைத்திருக்கிறார்களா? இந்தக் கேள்வியோடு படிக்கப் போய்ச் சேர்ந்த இடம்தான் 'காம்பிடன்சி ஃப்ரேம்வொர்க்'. தமிழில் திறன் சட்டகம் என்று வைத்துக்கொள்கிறேன்.

சட்டகம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு அட்டவணை. ஒரு தொழிலுக்கு என்னென்ன திறன்கள் வேண்டும் என்று பட்டியல் போடுவார்கள். ஒவ்வொரு திறனையும் படிகளாகப் பிரிப்பார்கள். இந்தப் படியில் இருப்பவர் இன்னதைச் செய்வார் என்று ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு மூன்று வரி எழுதுவார்கள். ஐ.டி.யில் இருப்பவர்களுக்கு இது பழகிய சமாச்சாரம். ஸ்ஃபியா என்ற சட்டகம் எங்கள் துறைத் திறன்களை 7 நிலைகளாகப் பிரிக்கிறது. பெரிய கம்பெனிகள் தங்களுக்கென்று தனியாகவும் ஒன்று வைத்திருக்கும். வருடா வருடம் அப்ரைசல் சமயத்தில் அந்த அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டு, நான் எந்தக் கட்டத்தில் இருக்கிறேன் என்று எழுதியே பாதி வயது போய்விட்டது.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சட்டகங்கள் ஒரு தொழிலின் பரப்பைக் காட்டும் வரைபடமாகப் பயனுள்ளவை. ஆனால் பதவிக்கும் அங்கீகாரத்துக்கும் ஏணியாக வைக்கும்போது அவை கேட்கும் சான்று இருக்கிறதே, ஆவணத் துறை தன் சொந்தக் கோட்பாட்டை வைத்துப் பார்த்தால் சந்தேகப்பட வேண்டிய வகைச் சான்று அது. மற்ற துறைகள் இதைக் கவனிக்காமல் விட்டால் புரிந்துகொள்ளலாம். சான்று என்றால் என்ன என்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் கவனிக்காமல் விடலாமா?

சட்டகம் செய்த நல்லது

உதாரணத்துக்கு பிரிட்டனை எடுத்துக்கொள்கிறேன், இந்த விஷயத்தில் நிறைய யோசித்த நாடு. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்குமான தொழில்முறை அமைப்பு ஆர்க்கைவ்ஸ் அண்ட் ரெக்கார்ட்ஸ் அசோசியேஷன், சுருக்கமாக ஏ.ஆர்.ஏ. ஏற்கெனவே இருந்த அமைப்புகள் இணைந்து 2010-ல் உருவானது. அவர்களுடைய சட்டகம் திறன்களை மூன்று பெரிய பிரிவுகளாக அடுக்குகிறது: நிறுவனம் சார்ந்தவை, செயல்முறை சார்ந்தவை, பயனாளர்களும் சம்பந்தப்பட்ட பிறரும் சார்ந்தவை. ஒவ்வொரு திறனுக்கும் புதியவர் முதல் வல்லுநர் வரை ஐந்து நிலைகள். உறுப்பினர் தன் வேலையிலிருந்து திறன்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் எந்த நிலையில் இருக்கிறேன் என்பதை அனுபவத்தோடும் சான்றோடும் எழுதித் தர வேண்டும். துறைக்காரர்கள் அதைப் படித்து மதிப்பிடுவார்கள். தேறினால் ஃபவுண்டேஷன், ரெஜிஸ்டர்டு, ஃபெல்லோ என்று மூன்று கட்ட அங்கீகாரம் இருக்கிறது.

இதில் நல்லது என்ன? முதலாவது, கதவு அகலமானது. 1947-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜிலும் லிவர்பூல் பல்கலைக்கழகத்திலும் ஆவணக் காப்பகப் படிப்புகள் தொடங்கின. அன்றிலிருந்து இந்தத் தொழிலுக்குள் நுழைய முக்கியமான வாசல் முதுநிலைப் படிப்புதான். ஒரு வருடம் சம்பளம் இல்லாமல், கட்டணமும் கட்டிப் படிக்க வசதி உள்ளவருக்கே அது சாத்தியம். பட்டம் இல்லாமல் கவுண்டரில் பத்து வருடம் நின்று, காப்பகத்தின் மூலைமுடுக்கெல்லாம் தெரிந்து வைத்திருப்பவர் கடைசிவரை 'உதவியாளர்' தான். என்ன படித்தாய் என்பதை விட்டுவிட்டு என்ன செய்யத் தெரியும் என்று கேட்கும் சட்டகம், அப்படிப்பட்டவருக்கு ஒரு வழியைத் திறக்கிறது. சின்ன விஷயம் இல்லை இது.

இரண்டாவது, வேலையின் அகலம் தெரிகிறது. ஆவணக் காப்பாளர் என்றால் தூசி தட்டுகிறவர் என்றுதான் வெளியே நினைப்பு. அட்டவணையைப் பார்த்தால் தெரியும்: எதை வைப்பது எதை விடுவது என்ற மதிப்பீடு, அட்டவணையாக்கம், சேமிப்பறையின் வெப்பமும் ஈரப்பதமும், டிஜிட்டல் கோப்புகள், தனியுரிமைச் சட்டம், தகவல் கேட்டு வரும் மனுக்கள், நிதி திரட்டுவது, பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுவது. ஒரு கோயிலுக்கோ கல்லூரிக்கோ தொழிற்சாலைக்கோ ஒரே ஒரு காப்பாளர் இருக்கும் இடத்தில் இவை எல்லாம் ஒரே தலையில் விழும். தனக்கு எது தெரியாது என்பதே தெரியாத அவருக்கு இந்த வரைபடம் ரொம்ப உபயோகம்.

மூன்றாவது, மேலதிகாரியிடம் பேச ஒரு மொழி கிடைக்கிறது. "வேலை அதிகம் சார்" என்பதற்கும், "இந்த நான்கு திறன்கள் இந்த நிறுவனத்தில் யாரிடமும் இல்லை, ஒன்றுக்காவது பயிற்சி கொடுங்கள்" என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

படிகள் எங்கிருந்து வந்தன

'காம்பிடன்சி' என்ற சொல்லுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. ஹார்வர்டில் இருந்த உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட் 1973-ல் ஒரு கட்டுரை எழுதினார். அறிவுத்திறன் தேர்வு மதிப்பெண்ணை வைத்து ஆள் எடுப்பதை விட்டுவிட்டு, அந்த வேலையை நன்றாகச் செய்பவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து அதைச் சோதியுங்கள் என்பது அதன் சாரம். நியாயமான பேச்சு. தேர்வு எழுதத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே திறந்திருந்த வேலைகளைப் பிறருக்கும் திறக்க வேண்டும் என்ற அக்கறை அதில் இருந்தது.

ஐந்து படிகள் வேறொரு இடத்திலிருந்து வந்தவை. பெர்க்லியில் இருந்த ஸ்டூவர்ட் டிரைஃபஸ், ஹ்யூபர்ட் டிரைஃபஸ் சகோதரர்கள் 1980-ல் அமெரிக்க விமானப்படைக்காக ஒரு அறிக்கை எழுதினார்கள். விமானிகள், சதுரங்க ஆட்டக்காரர்கள், அந்நிய மொழி கற்பவர்கள் ஆகியோரைப் பார்த்து, ஒருவர் புதியவரிலிருந்து வல்லுநராக ஐந்து கட்டங்களைக் கடக்கிறார் என்றார்கள். 1984-ல் பாட்ரிசியா பென்னர் அதை நர்ஸ்களின் வேலைக்குப் பொருத்திப் பார்த்துப் புத்தகம் எழுதினார். பிறகு அது தொழில் தொழிலாகப் பரவியது. இன்று 'புதியவர், தேர்ந்தவர், வல்லுநர்' என்று படி போடும் சட்டகங்களில் இந்தச் சாயலைப் பார்க்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. டிரைஃபஸ் சகோதரர்கள் சொல்ல வந்ததே, புதியவர்தான் விதியைப் பார்த்து வேலை செய்வார் என்பதைத்தான். தேர்ச்சி கூடக் கூட விதிகள் பின்னால் போய்விடும். வல்லுநர் நிலைமையைப் பார்த்ததும் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிடும். ஏன் என்று கேட்டால் முழுதாகச் சொல்ல அவராலேயே முடியாது. வலியுறுத்தி விளக்கச் சொன்னால், தான் எப்போதோ விட்டுவிட்ட விதிகளைத் திரும்ப எடுத்து ஒப்பிப்பார். அவர்கள் மாதிரியை எடுத்துக்கொண்டவர்கள் என்ன செய்தார்கள்? மேல்படியில் இருப்பவரைக் கூப்பிட்டு, நீ வல்லுநர் என்பதற்கு விதிவாரியாக 300 வார்த்தையில் விளக்கம் எழுது என்கிறார்கள். சொல்லத் தெரிந்தவர் வல்லுநர் ஆகிறார். செய்யத் தெரிந்தவர் கீழ்ப்படியில் நிற்கிறார்.

பென்னர் செய்தது வேறு. அவர் நர்ஸ்களிடம் பட்டியல் கொடுத்து டிக் அடிக்கச் சொல்லவில்லை. அவர்கள் வேலையில் நடந்த சம்பவங்களைச் சொல்ல வைத்து, அந்தக் கதைகளிலிருந்து திறனைப் படித்தார். படிகள் பரவின அளவுக்கு அந்த முறை பரவவில்லை.

ஜென்கின்சனிடம் கேட்டால் என்ன சொல்வார்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். லண்டன் பொது ஆவண அலுவலகத்தில் வேலை பார்த்த ஹிலரி ஜென்கின்சன் 1922-ல் ஆவணக் காப்பக நிர்வாகம் பற்றி ஒரு கையேடு வெளியிட்டார். இந்தத் துறையில் படிப்பவர்கள் இன்றும் தாண்டிப் போக முடியாத பெயர் அது. ஆவணத்தை ஏன் நம்பலாம் என்பதற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, அதன் பாரபட்சமின்மை. எழுதியவர்கள் நல்லவர்கள் என்று அவர் சொல்லவில்லை. ஒரு வேலை நடக்கும்போது, அந்த வேலைக்காக, அதன் போக்கில் உண்டானது ஆவணம். பின்னால் வரும் ஆராய்ச்சிக்காரனுக்கு எதையோ நிரூபிக்க வேண்டும் என்று அதை யாரும் எழுதவில்லை. அதனால்தான், எழுதியவர் சொல்ல நினைக்காததைக்கூட அது நமக்குச் சொல்லிவிடும்.

கலெக்டர் ஆபீஸ் கணக்கில் வைக்கோலுக்கு இத்தனை ரூபாய் செலவு என்று இருந்தால் நம்புகிறோம். அதே கலெக்டர் ஓய்வு பெற்றபின் எழுதிய சுயசரிதையில் பஞ்சத்தில் நான் எல்லோருக்கும் சோறு போட்டேன் என்று இருந்தால் ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு படிக்கிறோம். இரண்டும் பயன்படும், ஆனால் இரண்டின் எடையும் ஒன்றில்லை.

இப்போது திறன் சட்டகம் கேட்கும் போர்ட்ஃபோலியோவை எடுத்து மேசையில் வையுங்கள். அது வேலையின் போக்கில் உண்டானதா? இல்லை, வேலை முடிந்தபின் எழுதியது. யார் எழுதினார்? பலன் பெறப் போகிறவரே. எதற்காக? ஒரு மதிப்பீட்டாளரை ஒப்புக்கொள்ள வைக்க. ஜென்கின்சனின் அளவுகோலில் இது சுயசரிதைப் பக்கம்தான் சாயும். இதே காப்பாளரிடம் வேறு யாராவது இப்படி ஒரு தாளைக் கொண்டுவந்து, இவர் இன்ன திறமைசாலி என்பதற்கு இதுவே சான்று என்றால், "மூலக் கோப்பு எங்கே?" என்றுதான் முதலில் கேட்பார்.

மதிப்பீட்டாளர்கள் முட்டாள்கள் இல்லை. இணைப்பாக வரும் கொள்கை ஆவணம், அட்டவணை மாதிரி, பயிற்சிச் சான்றிதழ் எல்லாவற்றையும் அவர்களும் பார்க்கிறார்கள். ஆனால் எதை இணைப்பது என்று தேர்ந்தெடுப்பதும், அதற்கு விளக்கம் சொல்வதும் விண்ணப்பதாரர்தான். நன்றாக எழுத வருகிறவர், விடுமுறை நாளில் உட்கார்ந்து எழுத வீட்டில் வசதி இருக்கிறவர், 'நான் முன்னின்று நடத்தினேன்' என்று கூச்சமில்லாமல் சொல்லப் பழகியவர் ஆகியோருக்கு இது சாதகம். பட்டப்படிப்பு வாசலில் தடுத்தது எந்த வர்க்கத்தை என்று பார்த்தோமோ, கிட்டத்தட்ட அதே ஆட்களை இது வேறு வாசலில் தாமதப்படுத்துகிறது. கதவைத் திறந்த கையே தாழ்ப்பாளில் இருக்கிறது என்பதுதான் என் வருத்தம்.

சட்டகத்தின் கண்ணில் படாதது

சான்று எழுதும் சிக்கலாவது வெளியே தெரிகிறது. இன்னொன்று அவ்வளவு சுலபமாகத் தெரியாது. ஆவணப் பணியின் மிகப் பெரிய முடிவுகளின் விளைவு, முடிவெடுத்த வருடத்தில் தெரிவதில்லை.

1948-ல் எம்பயர் விண்ட்ரஷ் கப்பலில் கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்களையும், அடுத்த இருபதாண்டுகளில் அவர்களைப் போலவே வந்தவர்களையும் பிரிட்டனில் 'விண்ட்ரஷ் தலைமுறை' என்பார்கள். சட்டப்படி அங்கே வாழ உரிமை உள்ளவர்கள், ஆனால் பலரிடம் அதைக் காட்டத் தாள் இல்லை. அவர்கள் வந்து இறங்கியதற்கான அட்டைகள் உள்துறை அமைச்சகத்தின் வசம் இருந்தன. அவற்றை அகற்ற 2009-ல் ஒப்புதல் ஆனது. 2010-ல் அழித்தார்கள். தனிநபர் தகவல் பாதுகாப்பு, தேவையற்றதை வைத்திருக்கக் கூடாது என்பதெல்லாம் காரணமாகச் சொல்லப்பட்டன. அடுத்த சில ஆண்டுகளில் குடியேற்ற விதிகள் இறுகின. வேலைக்கு, வாடகை வீட்டுக்கு, மருத்துவத்துக்கு என்று எல்லாவற்றுக்கும் தாள் காட்ட வேண்டிய நிலை வந்தது. ஐம்பது வருடம் அங்கே வாழ்ந்து வரி கட்டியவர்கள் வேலை இழந்தார்கள், சிகிச்சை மறுக்கப்பட்டார்கள், சிலர் நாடு கடத்தப்பட்டார்கள். 2018 ஏப்ரலில்தான் அட்டைகள் அழிந்த செய்தி வெளியே வந்தது.

அங்கே வேலை பார்த்த முன்னாள் ஊழியர் ஒருவர் கார்டியன் நாளிதழிடம் பேசினார். ஒருவர் எப்போது வந்தார் என்ற விசாரணை வரும்போது ஊழியர்கள் அந்த அட்டைகளைத்தான் எடுத்துப் பார்ப்பார்களாம். அழிக்க வேண்டாம் என்று மேலே எடுத்துச் சொன்னதாகவும் செய்தி சொன்னது. அட்டை வந்த தேதியைத்தான் காட்டும், தொடர்ந்து வாழ்ந்ததைக் காட்டாது என்பது அமைச்சகத்தின் பதில். அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் கையில் ஒரு தாளும் இல்லாதவனுக்கு வந்த தேதியே எவ்வளவு பெரிய விஷயம் என்று நம் ஊரில் பட்டாவுக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் அலைந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இதைத் திறன் சட்டகத்தின் வழியாகப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, 2010-ல் அந்த அகற்றல் வேலையைத் திட்டமிட்டவர் தன் போர்ட்ஃபோலியோவில் அதைச் சேர்த்திருந்தால்? முறையான முன்மொழிவு, உரிய ஒப்புதல், சட்டக் காரணம், இடமும் செலவும் மிச்சம். 'பதிவேடுகளை அகற்றுதல்' என்ற கட்டத்தில் மரியாதையான ஒரு நிலை கிடைத்திருக்கும். அட்டையைத் தினமும் எடுத்துப் பார்த்ததால் அதன் பயன் தெரிந்த ஊழியருக்கு? விசாரணைக்குப் பதில் எழுதுகிறவர், கீழ்ப்படி. வேண்டாம் என்று அவர் சொன்னதும், அதை யாரும் கேட்காததும் எந்தக் கட்டத்திலும் வராது.

படிகளைப் பொறுப்பின் அளவோடு கட்டிப்போடுவதால் வருகிற கோளாறு இது. 'வழிகாட்டலோடு செய்கிறார்', 'தானே செய்கிறார்', 'பிறரை நடத்துகிறார்', 'கொள்கை வகுக்கிறார்' என்று ஏறும் படிகள் உண்மையில் பதவியை அளக்கின்றன. ஆவணத்தைப் பற்றிய அறிவு பல நேரம் நேர்மாறாக இருக்கும். கோப்பைக் கையில் எடுக்கிறவருக்குத்தான் கோப்பு தெரியும்.

நம் தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களின் பழைய நடைமுறையில் இது ஒரளவு புரிந்திருந்தது என்று நினைக்கிறேன். ஒரு கோப்பை முடிக்கும்போது அது ஓராண்டு வைக்க வேண்டியதா, மூன்றாண்டா, பத்தாண்டா, நிரந்தரமா என்று வகை போடுவார்கள். அதை முதலில் முன்மொழிகிறவர் அந்தக் கோப்பை நடத்திய எழுத்தர். மேலே உள்ளவர் கையெழுத்துப் போடுவார். வரலாற்றுக்கு எது மிஞ்சும் என்பதில் முதல் சொல், அலுவலகத்தின் கீழ்ப்படியில் இருக்கிற ஒருவருடையது. அந்தத் தீர்ப்பு நல்லதா என்று அவருக்கு யாரும் சொல்லித்தருவதில்லை என்பது அதே நடைமுறையின் இன்னொரு பக்கம்.

பிரிட்டனும் காலத்தின் பங்கை அறியாத நாடில்லை. 1954-ல் வந்த கிரிக் குழு அறிக்கை, அரசுக் கோப்புகளை இரண்டு முறை பார்க்கச் சொன்னது. புழக்கம் நின்று 5 வருடத்துக்குள் ஒரு முறை, தப்பிப் பிழைத்ததை 25 வருடம் ஆனபின் மறுமுறை. ஒரே பார்வையில் மதிப்பு தெரியாது என்ற ஒப்புதல் அதற்குள் இருக்கிறது. கோப்புக்குக் கொடுத்த அந்த அவகாசத்தை, கோப்பை மதிப்பிட்டவரின் திறனுக்கும் கொடுக்க வேண்டாமா?

ஏணி இருக்கிறது, சுவர்?

தொழில் வளர்ச்சி என்று பேசும்போது இன்னொரு எளிய உண்மை மறைந்துவிடுகிறது. ஏறிப் போக ஒரு பதவி இருக்க வேண்டும். அமெரிக்க மத்திய அரசில் காப்பாளர்களுக்கு 1420 என்ற பணித்தொகுப்பு எண் பல காலமாக உண்டு. ஆனால் அலுவலகங்களில் ரெக்கார்ட்ஸ் வேலை பார்த்தவர்களுக்கு அப்படி ஒன்று இல்லை. பொது நிர்வாகம், இதர வேலை என்று ஆளுக்கொரு தலைப்பின் கீழ் சிதறிக் கிடந்தார்கள். 2012 ஆகஸ்டில் வந்த அரசு உத்தரவு, இவர்களுக்கென்று தனிப் பணித்தொகுப்பு வேண்டும் என்றது. 2015-ல் 0308 என்ற எண்ணோடு அது வந்தது. பட்டியல் போட்டுத் திறனை வளர்த்தது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த நான்கு இலக்கம் வந்த பிறகுதான் 'இந்த வேலையில் அடுத்த படி' என்ற பேச்சுக்கே அர்த்தம் வந்தது.

இந்தியாவில் 1993-ம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம், ஆவணங்களை உருவாக்கும் ஒவ்வொரு மத்திய அரசு அமைப்பும் தன் அதிகாரிகளில் ஒருவரை ஆவண அலுவலராக நியமிக்க வேண்டும் என்கிறது. 'தன் அதிகாரிகளில் ஒருவரை' என்பதைக் கவனியுங்கள். வேறு வேலைக்கு வந்தவர் தலையில் வைக்கும் இன்னொரு தொப்பி அது. இடமாற்றம் வந்தால் தொப்பி அடுத்தவருக்கு. டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகம் ஆவணக் கல்விக்கென்று தனிப் பள்ளியே நடத்துகிறது. பயிற்சி இருக்கிறது. பயின்றதை வைத்துக்கொண்டு அதே வேலையில் இருபது வருடம் வளர்வதற்கான பாதை எங்கே என்பதுதான் கேள்வி.

2020-ல் மத்திய அரசு 'மிஷன் கர்மயோகி' என்ற திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. பதவி, அந்தப் பதவியின் செயல்கள், அதற்கு வேண்டிய திறன்கள் என்று மூன்றையும் கோத்த சட்டகம் அதன் அடிப்படை. பதவியிலிருந்து தொடங்குவதால் இது ஒரு விதத்தில் சரியான திசை. ஆனால் ஆவண அலுவலர் என்பது முழுநேரப் பதவியாகவே இல்லாத அலுவலகத்தில், அதற்குரிய செயலையும் திறனையும் யார் பெயரில் எழுதுவது? ஆன்லைனில் பாடம் முடித்த சான்றிதழ்தான் கடைசியில் மிஞ்சும் என்ற ஆபத்து இருக்கிறது.

அப்போ சட்டகமே வேண்டாமா?

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சட்டகம் இல்லாத இடத்தில் என்ன இருக்கும் என்று நமக்குத் தெரியும். சீனியாரிட்டி இருக்கும், இல்லாவிட்டால் 'நம்ம ஆள்' இருப்பார். குழந்தைக்காக ஐந்து வருடம் விட்டுத் திரும்பி வந்த பெண்ணுக்கு இரண்டுமே உதவாது. எழுதி வைத்த அட்டவணை அவருக்கு ஒரு பிடிமானம். அதனால், இருக்கிற சட்டகத்தை ஆவணத் துறைக்காரர்களின் மூளையோடு பயன்படுத்தினால் எப்படி இருக்கும் என்று யோசித்தேன்.

முதலில், சான்றை வேலையின் துணைவிளைவிலிருந்து எடுப்பது. வரவுப் பதிவேட்டில் எழுதிய குறிப்பு, ஒரு அட்டவணையை மூன்று முறை திருத்திய தடம், ஆய்வாளருக்கு எழுதிய பதில் கடிதம், அகற்றல் பட்டியலில் ஒரு வரிக்கு எதிரே 'நிறுத்தி வைக்கவும்' என்று போட்ட கையெழுத்து. எங்கள் துறையில் சொல்வதானால், அப்ரைசல் படிவத்தை விட கோடின் மாற்ற வரலாறு நம்பகமானது. யார் எந்தத் தேதியில் எதை ஏன் மாற்றினார் என்பது அதில் தானாகப் பதிந்திருக்கும். எச்சரிக்கை ஒன்று: அதை எண்ண ஆரம்பித்தால் கெட்டுப் போகும். கமிட் எண்ணிக்கைக்குச் சம்பள உயர்வு என்று அறிவித்துப் பாருங்கள், ஒரு வரி மாற்றத்தை மூன்று கமிட்டாகப் போடுவார்கள். எண்ணக் கூடாது, படிக்க வேண்டும். ஒரு கோப்புத் தொகுதியை அது உண்டான சூழலோடும் வரிசையோடும் படிக்கத் தெரிந்தவர்கள்தானே இவர்கள்? சக ஊழியரின் வேலையையும் அப்படியே படிக்கலாம்.

அடுத்தது, முடிவெடுக்கும்போதே காரணத்தை இரண்டு வரி எழுதி, தேதி போட்டு, கோப்பிலேயே வைப்பது. "இதை வைக்கிறோம், ஏனென்றால்." "இதை விடுகிறோம், ஏனென்றால்." அடுத்து வருகிறவருக்காக எழுதியது என்பதால் அதில் அலங்காரம் குறைவாக இருக்கும். போர்ட்ஃபோலியோ எழுதும் நாளில் அதை அப்படியே எடுத்து வைத்தால் போதும். வேண்டாம் என்று சொன்னவையும், சொல்லியும் கேட்கப்படாதவையும் இப்படித்தான் தடம் பெறும்.

மூன்றாவது, தனக்குத் தானே ஒரு கிரிக் குழு. ஐந்து வருடம் முன்பு நான் மதிப்பிட்ட தொகுதியை யாராவது கேட்டு வந்தார்களா? நான் அட்டவணையில் போட்ட சொல்லை வைத்து அவர்களால் கண்டுபிடிக்க முடிந்ததா? என்ன தேடி வந்து இல்லாமல் போனார்கள்? மேல்படிக்கு விண்ணப்பிப்பவரிடம், புதிதாகச் செய்ததைக் கேட்பதோடு, பழையதைத் திரும்பிப் பார்த்து என்ன கற்றீர்கள் என்றும் கேட்கலாம். வல்லுநர் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தோன்றவில்லை.

நான்காவது, சட்டகத்தைத் திருப்பிப் பிடிப்பது. ஊழியர் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று கேட்கும் அதே அட்டவணையை வைத்து, இந்த நிறுவனத்தில் எந்தக் கட்டம் ஒரே ஒருவரை நம்பி இருக்கிறது என்று கேட்கலாம். அவர் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறாரா? அவருக்குத் தெரிந்தது யாருக்குத் தெரியும்? பயிற்சிக்கும் புதுப் பதவிக்கும் பணம் கேட்க இதைவிட உறுதியான காகிதம் கிடைக்காது. வளராத ஊழியர் என்று ஒருவரைக் காட்டுவதற்குப் பதில், வளர இடம் தராத அலுவலகம் என்று அது காட்டிக்கொடுக்கும்.

இதில் எதற்கும் புதுச் சட்டகம் தேவையில்லை. இருப்பதிலேயே 'சான்று' என்ற பத்திக்கு அடியில் ஒரு வரி சேர்த்தால் பாதி வேலை முடிந்தது: இந்தத் தாள் எப்போது, எந்த வேலையின் போக்கில் உண்டானது? ஒவ்வொரு கோப்பையும் எடுத்தவுடன் காப்பாளர்கள் கேட்கிற கேள்விதான். பொதுப்பணித் துறையில கேட்டுப் பாருங்க என்று சொன்னவர் அதற்குப் பதில் சொல்ல 300 வார்த்தை எழுத வேண்டியதில்லை. அவர் கையெழுத்தோடு ஆய்வாளர்களுக்குப் போன பதில்களின் கட்டை எடுத்து மேசையில் வைத்தால் போதும்.